கசட்டில் கீச்சிட்ட தேயிலை

பத்திநாதன் எதற்கெல்லாம் பயந்தான் என்று சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். எதற்குப் பயப்படவில்லை என்று கேளுங்கள், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அட்டைக்குப் பயப்படவில்லை. காலில் ஏறிய அட்டையைப் பேச்சுவாக்கில் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பேசுவான். மற்றபடி நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், தோட்டத்துத் தொரையின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குப் பயம், பங்குச் சாமியாருக்குப் பயம். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வந்தால் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வியர்ப்பான். அவனைக் கேலி பண்ணுகிறேன் என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பண்ணுகிறேன்தான். அவன் பட்ட பாட்டை அறிந்தவன் என்ற உரிமையில் பண்ணுகிறேன்.

வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவன். அப்பன் சவரிமுத்து தேயிலை ஸ்டோரில் இலை காயவைக்கும் மெஷினுக்கு விறகு போடுகிறவர். அம்மா அந்தோனியம்மா கொழுந்து பறிக்கிறவள். தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. கவ்வாத்து அழகாக வெட்டியிருக்கிறதே என்று தொரை செடியைப் பார்த்துச் சொன்னால், வெட்டியவன் ‘நான்தான் வெட்டினேன்’ என்று மார்தட்டமாட்டான். ‘எல்லாம் அய்யா சொல்லித் தந்ததுங்க’ என்பான். தொரைக்கு மனசு குளிரும், கங்காணிக்கும் வயிறு எரியாது. நாளைக்கு அதே செடி பட்டுப்போனாலும் பழி நம் தலையில் விடியாது. இது பணிவு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பணிவாவது மண்ணாவது! மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் படங்குச் சாக்கு எப்படியோ, அப்படித்தான் இந்தச் சொல்லும். இது இல்லாமல் யாரும் மலையேறுவதில்லை.

அந்தோனியம்மா மகனை ஹட்டனுக்குப் படிக்க அனுப்பியபோது இதைத்தான் சொல்லி அனுப்பினாள். “பெரிய ஆளுங்க என்னா கேட்டாலும் மொதல்ல ஆமாங்கன்னு சொல்லிரு. பெறகு எல்லாம் அய்யா சொல்லித் தந்ததுங்கன்னு சொல்லு. இந்த ரெண்டும் வாயில இருந்தா ஒன்ன ஒரு பய தொடமாட்டான்டா.”

அம்மா சொன்னது பலித்தது. வகுப்பு வாத்தியாரிடம் சொன்னான், அடி குறைந்தது. பிரஜாவுரிமைக் கந்தோர் அதிகாரியிடம் சொன்னான், வேலை நடந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைக்க ஆட்கள் லொறியில் வந்து இறங்கியபோது மட்டும் அதைச் சொல்ல யாரும் கிடைக்கவில்லை. தேயிலைச் செடிக்கு அடியில் குப்புறப் படுத்துக் கிடந்தான். அப்பன் அவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அவனோ சத்தம் போடுகிற ஆளே இல்லை. அன்றிலிருந்து வாகனம் எங்கே நின்றாலும் பதுங்க இடம் தேடுவான். ஓடுகிற வாகனத்தைவிட நிற்கிற வாகனத்துக்குத்தான் பயம்.

அப்படிப்பட்டவன் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கி, ஹட்டனுக்கு மேலே இருந்த தேயிலை ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் உதவியாளனாகச் சேர்ந்தான். அங்கே பெரியவர் டொக்டர் துரைராசா. மருந்து கொடுக்கிற டொக்டர் இல்லை, படித்து வாங்கிய டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள், சுருட்டுப் பிடிப்பார், சத்தமாகச் சிரிப்பார். பத்திநாதன் அவருக்கும் முதலில் பயந்தான். பிறகு பயம் அப்படியே இருக்க, அதன் மேல் ஒரு பிரியமும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர்களுடைய வேலை என்னவென்று சொல்கிறேன், பயப்படாதீர்கள், அவன் பயந்தது போதும். மலை மண்ணில் மங்கனீசு என்ற உலோகம் இருக்கிறது. தேயிலைச் செடி அதை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். அந்த மங்கனீசுக்குள் ஜோடி சேராத இலத்திரன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சின்னப் பம்பரம் மாதிரி. தேயிலைத் தூளைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, பெரிய காந்தத்துக்கு நடுவே வைத்து, கண்ணுக்குத் தெரியாத அலை ஒன்றை அதன்மேல் செலுத்துவார்கள். காந்தத்தின் பலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், ஓரிடத்தில் பம்பரம் அலையை வாங்கிக்கொள்ளும். உடனே தாளில் ஓடுகிற பேனா துள்ளும். மங்கனீசு என்றால் ஆறு துள்ளல். ஆறுக்கும் நடுவில் மெல்லிசாக இன்னொன்று வரும். அது மங்கனீசு இல்லை. கொழுந்து தூளாகும்போது இலையிலேயே உண்டாகிற வேறொரு இலத்திரனுடைய துள்ளல். பழைய தூளுக்கும் புதுத் தூளுக்கும் அந்த நடுக்கோட்டில் வித்தியாசம் தெரியுமா என்பதுதான் துரைராசாவின் கேள்வி.

அந்தக் கருவி இங்கே ஏது? துரைராசா தூளைப் பொட்டலம் கட்டி இங்கிலாந்தில் இருந்த கூட்டாளிக்கு அனுப்புவார். அவர் வரைபடத் தாளைச் சுருட்டித் தபாலில் அனுப்புவார். அதில் ஆறும் ஒன்றும் கலந்து குழம்பிக் கிடக்கும். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி, அதே மாதிரிக் கோட்டைக் கணக்கால் உண்டாக்கிப் பார்ப்பதுதான். கோடுகளுக்கு இடையில் இவ்வளவு தூரம், ஒவ்வொன்றும் இவ்வளவு அகலம் என்று எண்களைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் கூட்டிப் பெருக்கி ஒரு பொய்த் தேயிலையின் கோட்டை வரைந்து காட்டும். உண்மைக் கோட்டோடு அது பொருந்தும்வரை எண்களை மாற்ற வேண்டும். பொருந்திவிட்டால் அந்த எண்கள்தான் விடை.

துரைராசா லண்டன் போனபோது சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டச்சுப் பலகை மாதிரி ஒரு பெட்டி. பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுதான் அதற்குத் திரை. எழுதிய புரோகிராமைச் சேர்த்துவைக்க வேறு வழியில்லை, பாட்டுக் கேட்கிற அதே கசட்டில்தான் பதிய வேண்டும். கொண்டுவந்தாரே தவிர அவருக்கு அது வசப்படவில்லை. விசையைத் தொட்டால் ஏதாவது அழிந்துபோகும். “பத்திநாதன், இந்தச் சனியனை நீரே கட்டி மேயும்” என்று சொல்லிவிட்டு நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். பத்திநாதன் கட்டி மேய்த்தான். கோடு வரைகிற புரோகிராம் முழுவதையும் தானே எழுதினான். உண்மை வரைபடத்தைத் திரையின் அளவுக்குச் சுருக்கி டிரேசிங் தாளில் வரைந்து, தொலைக்காட்சிக் கண்ணாடிமேல் ஒட்டிப் பொருத்திப் பார்க்கும் வித்தையையும் அவன்தான் கண்டுபிடித்தான்.

பார்க்க வந்த பெரிய மனிதர்கள், “இதை எழுதியது யார்?” என்று கேட்டால் என்ன சொல்வான்? நீங்களே சொல்லிவிடுவீர்கள். “எல்லாம் டொக்டர் அய்யா சொல்லித் தந்ததுங்க.”

“உதென்ன கதை காணும்?” என்று துரைராசா கத்துவார். “எனக்கு உந்தப் பெட்டியைப் போடவும் தெரியாது, நிப்பாட்டவும் தெரியாது. ஆக்கள் நம்பப் போகினம்!” அவன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

எண்பத்து மூன்றுக் கலவரம் வந்து போயிற்று. எத்தனையோ பேர் மலையை விட்டுப் போனார்கள். துரைராசா போகவில்லை, ஆனால் சத்தமாகச் சிரிப்பதை விட்டுவிட்டார். பத்திநாதன் தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியை சிசிலியைக் கலியாணம் முடித்தான். பிறகு எண்பத்தைந்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாதத்தில், அந்தக் கசட்டைத் தூக்கிக்கொண்டு கண்டிப் பக்கம் புறப்பட்டான். அங்கே பல்கலைக்கழகத்தில் கோட்டைத் தாளில் அச்சடிக்கிற மெஷின் இருந்தது. பையில் கசட், சுருட்டிய வரைபடத் தாள்கள், சிசிலி கட்டிக்கொடுத்த ரொட்டி.

“இந்தக் காலத்துல அந்தக் கிறுக்குன தாளையெல்லாம் எதுக்குங்க தூக்கிட்டுப் போறீங்க?” என்று சிசிலி கேட்டாள்.

“டொக்டர் சொன்னாருன்னு போறேன். எனக்கு மட்டும் ஆசையா?” என்றான். அதுவும் பொய். துரைராசா மழை விட்ட பிறகு போகலாம் என்றுதான் சொல்லியிருந்தார்.

கினிகத்தேனையில் பொலிசார் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த கான்ஸ்டபிள் பையைத் திறந்து, சுருளை விரித்தான். தாள் நிறையக் கோடு மேலும் கீழுமாகத் துள்ளியிருந்தது. ஓரத்தில் எண்கள். கசட்டைத் திருப்பிப் பார்த்தான். பாட்டுப் பெயரும் இல்லை, படத்தின் பெயரும் இல்லை.

“என்ன பாட்டு?” என்று சிங்களத்தில் கேட்டான்.

“பாட்டு இல்லை மாத்தயா” என்றான் பத்திநாதன். அய்யாவுக்குச் சிங்களத்தில் மாத்தயா. உண்மையைச் சொல்லிவிட்டான், பாவி.

எதிரே தேத்தண்ணிக் கடையில் கசட் போடுகிற ரேடியோ செட் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் முதலாளியின் கசட்டை எடுத்துவிட்டு இதைப் போட்டான். கடையே அதிர ஒரு கீச்சுச் சத்தம் எழுந்தது. இடையில் நிற்கும், கர்ரென்று இழுக்கும், மறுபடி கீச்சிடும். புரோகிராம் கசட்டில் அப்படித்தான் கேட்கும், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அதுதான் பாஷை. கடையில் இருந்தவர்கள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் தள்ளிப் போனார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் பத்திநாதனை விட்டு விலகி நின்றார்கள். கான்ஸ்டபிள் முன்னுக்கும் பின்னுக்குமாக ஓட்டிப் பார்த்ததில் நாடா செட்டுக்குள் சிக்கிக்கொண்டது. முதலாளி ஒரு பென்சிலை விட்டுச் சுற்றி வெளியே எடுத்தார்.  

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஊர் நிலையம் என்பது நமக்கு வேண்டாம். இன்ஸ்பெக்டர் நடுத்தர வயது, குரலை உயர்த்தாத ஆள். அதுதான் பத்திநாதனுக்குக் கூடுதல் பயமாக இருந்தது. இரண்டு ஆண்டாக அவன் கேட்ட கதைகள் எல்லாம் ஒன்றாக எழுந்து நின்றன. சாயந்தரம் கொழும்புக்கு வண்டி போகும், அதில் ஏற்றினால் போனவன் போனவன்தான், எந்த முகாமில் இருக்கிறான் என்று பெண்டாட்டி வாசல் வாசலாக நிற்க வேண்டும். அவன் கண்முன்னே சிசிலி அப்படி நின்றாள்.

“இது என்ன, அலைவரிசையா?” என்று இன்ஸ்பெக்டர் வரைபடத்தின் ஓரத்து எண்ணைக் காட்டினார்.

“ஓவ் மாத்தயா.” ஆமாங்க என்பதன் சிங்களம். உண்மைதானே, அலைதான்.

“அனுப்புவதா, வாங்குவதா?”

“ரெண்டும்தான் மாத்தயா.”

“கருவி எங்கே இருக்கிறது?”

“இங்கிலாந்தில்.”

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை ஒருமுறை பார்த்தார். பத்திநாதனுக்கு எங்கேயோ தப்பாகப் போகிறது என்று புரிந்தது. தேயிலை, மங்கனீசு, இலத்திரன் என்று வாயில் வந்ததையெல்லாம் உளறினான். சிங்களத்தில் இலத்திரனுக்கு என்ன என்பது அந்த நேரத்தில் நாக்குக்கு வரவில்லை.

“உன்னைப் பார்த்தால் இதெல்லாம் செய்கிற ஆளாகத் தெரியவில்லையே” என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் இரக்கம்கூட இருந்தது. “பயப்படாதே. இதை உனக்கு யார் சொல்லித் தந்தது?”

கேள்வி முடியுமுன்னே வாய் சொல்லிவிட்டது. “எல்லாம் டொக்டர் அய்யா சொல்லித் தந்ததுதான் மாத்தயா.”

“எந்த ஊர் டொக்டர்?”

“யாழ்ப்பாணம்.”

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. உட்காரக் கதிரை கொடுத்தார்கள். தேத்தண்ணி வந்தது. எழுதியதை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். கசட்டையும் தாளையும் மேசையில் வைத்துக்கொண்டு, “நீ வீட்டுக்குப் போகலாம்” என்றார் இன்ஸ்பெக்டர். மாதா சுரூபத்தைக் கும்பிடுவதுபோல் அவரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். உயிர் வந்த சந்தோஷம், வேறென்ன! தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. அம்மா கொடுத்த சொல் இன்றைக்கும் காப்பாற்றிவிட்டது என்றுதான் நினைத்தான்.

அவனைப் பிடித்த செய்தி பஸ் கண்டக்டர் வாயிலாகச் சிசிலிக்கு எட்டியிருந்தது. நிலையத்துக் கேட்டடியில் மழையில் நனைந்துகொண்டு நின்றவள், அவனைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “அடிச்சாங்களாங்க? எங்கயாச்சும் வலிக்குதா?”

“இல்ல புள்ள. விட்டுட்டாங்க.”

அப்போது ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் துரைராசா. சாரமும் பனியனுமாக, ஒரு காலில் மட்டும் செருப்போடு. பக்கத்துக்கு ஒரு கான்ஸ்டபிள். எதற்காகக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. பத்திநாதனைக் கண்டதும் முகம் தெளிந்தது. “பத்திநாதன், உமக்கு ஒண்டுமில்லையே? உம்மைப் பிடிச்சிட்டினம் எண்டு கேள்விப்பட்டுப் பயந்துபோனன் காணும்” என்றார். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.  வாசலில் நின்றபடியே உள்ளே பேசுவதைக் கேட்டான். இன்ஸ்பெக்டர் கேட்கிறார், துரைராசா ஆங்கிலத்தில் சொல்கிறார்: அந்தப் புரோகிராம் தான் எழுதியதல்ல, அந்தப் பெட்டியை இயக்கவும் தனக்குத் தெரியாது. “உம்முடைய ஆளே கையெழுத்துப் போட்டிருக்கிறான்” என்று இன்ஸ்பெக்டர் தாளை எடுத்துக் காட்டுகிறார். துரைராசா தாளை வாங்கிக் கையெழுத்தைப் பார்க்கிறார். சாயந்தர வண்டிக்கு ஒருவர் என்று யாரோ தொலைபேசியில் சொன்னார்கள்.

“வாங்க, போயிருவோம்” என்று சிசிலி இழுத்தாள். எதிர்ப்பக்கம் ஹட்டன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

“சிசிலி, நாந்தான் அவரு பேரச் சொல்லிட்டேன்.”

அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் கையை விடவில்லை. “அவரு பெரிய ஆளுங்க. அவருக்குப் பேச நாலு பேரு வருவாங்க. நமக்கு யாருங்க இருக்கா? ஒங்களப் புடிச்சா நான் எங்கன்னு போயி நிப்பேன்? மாதா மேல சத்தியமா கேக்கறேன், ஏறுங்க பஸ்ஸுல.”

அவளை ஏற்றிவிட்டு அவனும் ஒரு காலை மிதிபலகையில் வைத்தான். கண்டக்டர் மணியடித்தான். பத்திநாதன் காலை எடுத்துக் கீழே வைத்தான். ஏன் வைத்தாய் என்று அந்த நிமிடம் கேட்டிருந்தால் அவனால் சொல்லியிருக்க முடியாது. சிசிலி அலறிக்கொண்டு குதித்து இறங்கி அவன் பின்னால் ஓடினாள்.

“மாத்தயா, நான் முதலில் சொன்னது பொய்” என்று இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றான். குரல் கீச்சென்று வந்தது. “டொக்டருக்கு இது தெரியாது. முழுவதும் நான்தான் எழுதினேன்.”

இன்ஸ்பெக்டர் மெதுவாக நிமிர்ந்தார். “பொலிசுக்குப் பொய் சொன்னாயா?”

“ஓவ் மாத்தயா.”

“அப்படியானால் வண்டியில் உன்னைத்தான் ஏற்ற வேண்டும். தெரியுமா?”

“ஓவ் மாத்தயா.” அழுகை வந்தது, அழுதான். கண்ணீரைத் துடைக்காமலே சொன்னான், “இது தேயிலைக் கணக்குத்தான் மாத்தயா. பெட்டிக்கு முன்னால் கொண்டுபோங்கள், செய்து காட்டுகிறேன்.”

இன்ஸ்பெக்டர் வெளியே மழையைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஜீப்பில் போனார்கள். துரைராசாவும் பத்திநாதனும் பின்னால், நடுவில் கான்ஸ்டபிள். சிசிலியை ஏற்றவில்லை. யாரோ தெரிந்தவர் லொறியில் பிறகு வந்து சேர்ந்தாள். பத்திநாதன் கம்ப்யூட்டரைப் போட்டு, கசட்டைச் செருகினான். கீச்சுச் சத்தம் வந்தது. பாதியில் நாடா கசங்கிய இடம் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. மறுபடி போட்டான். அதே இடத்தில் நின்றது. கினிகத்தேனைக் கடையில் சிக்கிய இடம். இன்னொரு பிரதி எடுத்துவைக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பான்! நினைத்ததோடு சரி.

“ஓடவில்லையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

துரைராசா ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். பத்திநாதனுக்கு மூத்திரம் முட்டியது. போய்வரட்டுமா என்று கேட்கப் பயம். “நாடா போயிருச்சு மாத்தயா. மனசுல இருக்கு. அடிச்சுக் காட்டறேன்” என்று தமிழும் சிங்களமுமாகச் சொல்லிவிட்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.

அடிக்கத் தொடங்கினான். முதல் வரியே பிழை. ஒரு விசைக்கு இரண்டு விசை விழுந்திருந்தது. அழித்து அடித்தான். ஆறு கோட்டுக்கான வரிகள், நடுக்கோட்டுக்கான வரி, எல்லாவற்றையும் கூட்டுகிற வரி. ஓடவிட்டான். திரையில் ‘மிஸ்டேக்’ என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் குனிந்து வாசித்தார். “மிஸ்டேக். யாருடைய மிஸ்டேக்?”

“என்னுடையதுதான் மாத்தயா.”

ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. போட்டான். மறுபடி ஓடவிட்டான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையின் இடது ஓரத்தில் ஒரு புள்ளி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அந்தப் பெட்டிக்கு அவசரமே கிடையாது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஏழு கோட்டின் கணக்கையும் போட்டுக் கூட்டிவிட்டுத்தான் அடுத்த புள்ளி. கான்ஸ்டபிள் கொட்டாவி விட்டான். மழை கூரைத் தகரத்தில் இரைந்தது. கரண்ட் மட்டும் போகக்கூடாது மாதாவே என்று பத்திநாதன் வேண்டிக்கொண்டான். புள்ளிகள் சேர்ந்து கோடாகி, கோடு மேலே ஏறித் துள்ளி இறங்கியது. ஒன்று. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

ஆறும் வந்த பிறகு டிரேசிங் தாளை எடுத்துத் திரையில் ஒட்டினான். பொருந்தவில்லை. அவனுடைய ஆறு அகலமாகப் பரந்திருந்தது, தாளில் இருந்த ஆறு நெருங்கியிருந்தது. இடைவெளிக்கான எண்ணை மனசிலிருந்து தப்பாகக் கொடுத்துவிட்டான். எண்ணை மாற்றி மறுபடி ஓடவிட்டான்.

“இப்போது மாற்றினாயே, ஏன்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பொருந்தவில்லை மாத்தயா.”

“பொருந்தும்வரை மாற்றிக்கொண்டே இருப்பாயா?”

“ஓவ் மாத்தயா. அதுதான் எங்கள் வேலை.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். “எங்கள் வேலையும் அதுதான்” என்றார். கான்ஸ்டபிளும் சிரித்தான். பத்திநாதன் சிரிக்கவில்லை. 

இரண்டாவது முறை கோடு முடிந்ததும் இன்ஸ்பெக்டர் தாளைத் தானே வாங்கித் திரையில் வைத்துப் பிடித்தார். மெல்லிய தாள், பின்னாலிருந்து வெளிச்சம் தெரிந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த ஆறும், இந்தப் பயந்தவன் கண்ணீரோடு அடித்த ஆறும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. நடுவில் இருந்த மெல்லிசுக் கோடும் உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டர் தாளை எடுத்தார், திரும்ப வைத்தார், எடுத்தார். “தேயிலையா இது?” என்று கேட்டார்.

“தேயிலைதான் மாத்தயா.”

அவர் துரைராசாவின் பக்கம் திரும்பி, “நீங்கள் போகலாம்” என்றார் ஆங்கிலத்தில். பத்திநாதனைப் பார்த்து, “நீ ஜீப்பில் ஏறு” என்றார். கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் பொய் என்று அவனே சொல்லிவிட்டான். அதை அவரால் விழுங்கிவிட முடியாது. கொழும்பு வண்டிக்கு அனுப்பவில்லை, அந்த மட்டில் நல்ல மனிதர். ரிமாண்டுக்கு அனுப்பினார். லொறியில் வந்திறங்கிய சிசிலி ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினாள். “நாந்தான் சொன்னேனே! நாந்தான் சொன்னேனே!” என்று கத்தினாள். துரைராசா ஒற்றைச் செருப்போடு மழையில் நின்றார்.

ரிமாண்டில் அவனை யாரும் அடிக்கவில்லை. அடிக்காததற்கும் பயந்தான். வெளியே வாகனம் வந்து நிற்கும்போதெல்லாம் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்வான். தனக்குத்தான் வந்திருக்கிறது என்று நினைப்பான். அவன் பேரைக் கூப்பிடாமல் அது போன பிறகு உட்கார்ந்து வாந்தியெடுப்பான். வீரனாகிவிட்டான் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் ஆகவில்லை.

கிறிஸ்மசுக்கு முன்னால் கடைசித் தடவையாகக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். நீதவான் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் பொலிசில் வாயை அடக்கிப் பேசு என்று கண்டித்து விட்டுவிட்டார். வெளியே வந்தபோது மரத்தடியில் சிசிலி நின்றாள். பக்கத்தில் துரைராசா, ஆள் மெலிந்து. அவளுக்குத் துணையாக ஒவ்வொரு கோர்ட்டுத் தவணைக்கும் வந்திருக்கிறார். தேத்தண்ணிக் கடையில் மூவரும் உட்கார்ந்தார்கள். பத்திநாதன் பணிஸ் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டான்.

துரைராசா தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். “ஏன் காணும் திரும்பி வந்தனீர்? பஸ் நிண்டது. ஏறினனீர் எண்டும் சிசிலி சொன்னவ. நானெண்டால் போயிருப்பன். உள்ளதைச் சொல்லுறன்.”

“பயந்துதாங்கய்யா” என்றான் பத்திநாதன்.

“பயந்த ஆள் போயெல்லோ இருக்கவேணும்?”

“அந்த பஸ்ஸுல போயிருந்தா மறுநா காலையில நாந்தானேங்க அந்த ரூமத் தொறக்கணும். ஜன்னலோரம் ஒங்க நாக்காலி கெடக்கும். அதுல நீங்க இருக்கமாட்டீங்க. நான் பாட்டுக்குப் பெட்டியப் போட்டுக் கோடு வரையணும். ஆறும் அழகா வரும். அத நெனைச்சேங்க. கொழும்பு வண்டிய விட எனக்கு அதுதாங்க பயமா இருந்துச்சு.”

துரைராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிசிலி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைக்காரர் வந்து, தேத்தண்ணி ஆறிப்போச்சே, வேறு கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.